கையால் கோத்த ட்ரோன்

தாதர் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம். விடியும் முன்பே பூச்சந்தை கூடிவிடும். அங்கே பூ வாங்கி, மாட்டுங்காவில் கட்டி விற்கும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு சாலில் ஒரே அறை. பத்துக்குப் பத்து அடி. மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன்.

ஒரு நாள் மகன் ஒரு பை நிறைய சாமான்களோடு வந்தான். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, லாமிங்டன் ரோடு போய் வாங்கியவை.

"என்னடா இது? ரேடியோ ரிப்பேரா?"

"இல்லம்மா. ட்ரோன். நானே செய்யப் போறேன்."

கல்யாணத்தில் தலைக்கு மேலே பறந்து படம் பிடிக்குமே, அதுதான் ட்ரோன். இது கொஞ்சம் வேறு வகை. இதன் மூக்கில் ஒரு சின்ன கேமரா. அது பார்ப்பது ரேடியோ அலையாக வரும். மகன் கண்ணை மூடி மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடிக்குள் தெரியும். தரையில்தான் நிற்பான். ஆனால் ட்ரோனுக்குள்ளேயே உட்கார்ந்து ஓட்டுவது போல இருக்கும்.

"கடையில் முழுசா வாங்கினால் என்ன?" என்று அம்மா கேட்டார்.

நல்ல கேள்வி. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. இந்த வகை ட்ரோன் அடிக்கடி விழும். கோத்தவனுக்குத்தான் பிரிக்கத் தெரியும்.

இதே மும்பையில் இப்படித் தொடங்கியவர்கள் உண்டு. பவாயில் ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கே படித்த இளைஞர்கள் 2007-ல் ஐடியாஃபோர்ஜ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2009-ல் 'த்ரீ இடியட்ஸ்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் கேமராவோடு ஒரு யந்திரம் விடுதி ஜன்னல் வரை எழும்பும். அந்த யந்திரம் இவர்கள் செய்ததுதான். 2013-ல் உத்தராகண்டில் பெருவெள்ளம் வந்தது. சிக்கியவர்களைத் தேட, இவர்களுடைய 'நேத்ரா' ட்ரோன் பறந்தது.

சரி, பைக்குள் என்ன இருந்தது? கார்பன் சட்டம் ஒன்று. அதன் நான்கு மூலைக்கு நான்கு மோட்டார், நான்கு விசிறி. மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் பலகை. கேமரா. படத்தை அனுப்பும் கருவி, அதற்கு ஓர் ஏரியல். பேட்டரி. எல்லாவற்றுக்கும் நடுவே மூளை போன்ற ஒரு பலகை. தீப்பெட்டி அளவுதான்.

அந்த மூளை என்ன செய்கிறது? தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பவரைப் பாருங்கள். குடம் சாய்ந்தால் கழுத்து தானாக வளைந்து கொடுக்கும். யோசித்துச் செய்வதில்லை. இந்தப் பலகையும் அப்படித்தான். ட்ரோன் இடப்பக்கம் சாய்ந்தால், இடப்பக்க மோட்டார்களை வேகமாகச் சுற்றவிடும். இப்படி ஒரு நொடியில் ஆயிரம் தடவைக்கு மேல் சாய்வைப் பார்க்கும்.

நான்கு விசிறியும் ஒரே பக்கம் சுற்றாது. சுற்றினால் ட்ரோனின் உடம்பு எதிர்ப்பக்கம் பம்பரமாகச் சுழலும். அதனால் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றும். எதிரெதிர் மூலையில் இருப்பவை ஒரே திசை. விசிறியை மாற்றி மாட்டினால் ட்ரோன் எழும்பாது, கவிழும். புதியவர்கள் பலர் செய்யும் தவறு இது.

மகன் ஈயம் வைத்து வயர்களைப் பற்ற வைத்தான். பற்ற வைக்கும்போது புகை வரும். ஜன்னலைத் திறந்து வைத்தான். மறுநாள் பேட்டரி மாட்ட வேண்டும். அவனுக்குப் பயம். வயர் மாறினால் ஒரு நொடியில் பலகை கருகிவிடும். பல மாதச் சேமிப்பு போய்விடும்.

அம்மா அப்போதுதான் இரவு வகுப்பில் படிக்கக் கற்றிருந்தார். மகன் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தான். விமானத்திலும் இப்படித்தான். ஒருவர் படிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார்.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சிவப்பு வயர், கூட்டல் குறியில்?"

"இருக்கு."

"கறுப்பு வயர், கழித்தல் குறியில்?"

"இருக்கு."

"விசிறியைக் கழற்றியாச்சா?"

"ஆச்சும்மா."

வீட்டுக்குள் சோதிக்கும்போது விசிறி இருக்கவே கூடாது. அது நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். விரலை வெட்டிவிடும்.

"ஏ... ரி... யல். ஏரியல் மாட்டியாச்சா?"

மகன் குனிந்து பார்த்தான். மாட்டவில்லை! ஏரியல் இல்லாமல் மின்சாரம் கொடுத்தால் படம் அனுப்பும் கருவி சூடாகிக் கெட்டுப்போகும். அந்தத் தாள் இல்லாவிட்டால் அதுதான் நடந்திருக்கும்.

பேட்டரிக் கணக்கு அம்மாவுக்குப் பிடித்தது. அதில் நான்கு அறைகள். முழுதாக ஏறினால் அறைக்கு 4.2 வோல்ட். 4 × 4.2 = 16.8. பறக்கும்போது அறைக்கு 3.5-க்கு வந்தால் இறக்கிவிட வேண்டும். அதாவது 14 வோல்ட். அதற்குக் கீழே விட்டால் பேட்டரி கெடும். உப்பிப்போன பேட்டரியைத் தொடவே கூடாது. இந்தப் பேட்டரி தீப்பிடித்தால் வேகமாக எரியும். ஒற்றை அறையில் குடியிருப்பவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். பாயின் மேலோ துணி மேலோ வைத்து ஏற்றக் கூடாது. வெறும் தரையில், கண் முன்னால் ஏற்ற வேண்டும். ஏற்றிவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருப்பது நல்லது.

"சிவாஜி பார்க்கில் பறக்க விடலாமா?" என்றான் மகன்.

கூடாது. அங்கே எப்போதும் ஆட்கள். குழந்தைகள் விளையாடுவார்கள். மும்பை போலீஸ் அடிக்கடி ட்ரோனுக்குத் தடை உத்தரவு போடுவதும் வழக்கம். 2014 மே மாதம் ஒரு பீட்சா கடை லோயர் பரேலிலிருந்து வொர்லிக்கு ட்ரோனில் பீட்சா அனுப்பியது. ஊரே பேசியது. போலீஸ் விசாரணையும் வந்தது. இப்போது 2021-ல் வந்த ட்ரோன் விதிகள் இருக்கின்றன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அரசு வரைபடம் போட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையம் பக்கத்தில் இருந்தால் கட்டுப்பாடு கூடும். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும் வாங்க வேண்டும்.

மகன் முதலில் நண்பனுடைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகினான். அதில் எத்தனை தடவை விழுந்தாலும் செலவில்லை. பதிவு முடிந்தது. வரைபடத்தில் பச்சை என்று பார்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கர்ஜத் லோக்கல் ஏறினார்கள். அறுவடை முடிந்த வயல். சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

மகன் கண்ணாடியை மாட்டினான். இனி அவனுக்கு ட்ரோனின் முன்னால் இருப்பது மட்டுமே தெரியும். பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாது. அதைப் பார்க்க வெறுங்கண்ணோடு இன்னொருவர் நிற்க வேண்டும். அம்மா நின்றார். கையில் அதே தாள்.

ட்ரோன் தேனீக் கூட்டம் போல இரைந்துகொண்டு எழும்பியது.

"கண்ணு, வலது பக்கம் ஒரு ஆட்டுக்காரர் வர்றார். இறக்கு."

மகன் இறக்கினான். ஆடுகள் கடந்து போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.