தண்ணீருக்கு வயசு என்ன?



எங்கள் ஊர் மல்லாங்கிணறு. பேரிலேயே கிணறு இருக்கிறது. ஆனால் எங்கள் தோட்டத்துக் கிணறு வற்றிப்போய், அப்பா போர் போட்டார். 300 அடியில் கிடைத்த தண்ணீரும் மூன்றே வருஷத்தில் இறங்கிவிட்டது. "ஏண்டா, நீ சிவில் படிக்கிறியே, இன்னும் 200 அடி இறக்கலாமா?" என்று கேட்டார். முழித்தேன். எடுக்கிற தண்ணீர் திரும்ப ஊறுமா? அதைச் சொல்லக்கூடியது ஐசோடோப்பு வேதியியல் என்று பிறகுதான் படித்தேன்.

ஒரே தனிமம், அணு எடை மட்டும் வேறு, அதுதான் ஐசோடோப்பு. ஆக்சிஜன் அணுக்களில் சுமார் 500-க்கு ஒன்று ஆக்சிஜன்-18. மீதி ஏறக்குறைய எல்லாமே ஆக்சிஜன்-16. கடல்நீர் ஆவியாகும்போது லேசானது முந்தும், கனமானது பின்தங்கும். கண்மாயிலும் இதே கதைதான்: வெயிலில் காயக் காய, மிஞ்சுகிற தண்ணீரில் ஆக்சிஜன்-18 கூடும். அந்த அடையாளம் கிணற்றிலும் தெரிந்தால், கண்மாய்த் தண்ணீர் ஊறி வந்திருக்கிறது எனலாம். அளக்கும் கருவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஒப்பிடும் அளவுகோல் கடல்நீர்.

இனி வயசு. மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் கொஞ்சம் உண்டு. சுமார் 12.3 வருஷத்தில் அது பாதியாகும். 1963 வரை வானத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் மழையில் அது பல மடங்கு ஏறியது. போர்த் தண்ணீரில் டிரிட்டியம் இருந்தால் அதில் நம் காலத்து மழை கலந்திருக்கிறது. அறவே இல்லையென்றால் பழைய தண்ணீர். அதற்குக் கார்பன்-14 பார்க்க வேண்டும். அது பாதியாக 5,730 வருஷம். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், தென்னிந்தியாவின் ஆழ் நீரடுக்குகளைக் கொண்டு 30,000 வருஷத் தட்பவெப்ப வரலாற்றையே 1998-ல் எழுதினார்கள். அப்படிப்பட்ட தண்ணீரை இறைப்பது, வரவில்லாத கணக்கிலிருந்து செலவழிப்பது மாதிரி.

நம் மாவட்டத்தில் பெரும்பகுதி கெட்டிப் பாறை. வெடிப்புகளில் நிற்பதுதான் தண்ணீர். கீழே போகப் போக வெடிப்பும் குறையும். இதையெல்லாம் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கண்மாய் வரத்துக்காலைத் தூர்வாருனாத்தான் உண்டுன்னு சொல்லு" என்றார்.

நண்பர்களே, நாளை நாம்தான் போருக்கு இடம் குறிக்கப் போகிறோம். எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை வயசு என்று கேட்போம்!