ஐந்தாவது சனிக்கிழமை

அன்புள்ள அம்மணிக்கு,

உங்கள் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நோட்டுத் தாளின் இரு பக்கமும் கணக்கு, ஓரத்தில் மட்டும் விஷயம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். அதனால் நம் கொங்குப் பக்கத்து வழக்கப்படி அம்மணி என்றே கூப்பிடுகிறேன்.

மற்றவர்களும் படிப்பதால் உங்கள் கணக்கைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் வாடகை வீடு. உங்கள் கணவர் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர், நீங்கள் செக்கிங். இருவருக்கும் சனிக்கிழமைச் சம்பளம். வாடகை, பள்ளி வேன், மாமியாரின் மாத்திரை, நகைச்சீட்டு, தீபாவளிச் சீட்டு எல்லாம் போக மிஞ்சுகிற இடத்தில்தான் சண்டை தொடங்குகிறது. அவருக்கு 55 அங்குல டிவி வேண்டும். விலை 42,000, மாதம் 3,500 வீதம் 12 தவணை. மாமியாருக்கு சீரியல் நிற்கக் கூடாது. பையனுக்குக் கைப்பேசியில் இரண்டு மூன்று ஆப். இந்தப் பொழுதுபோக்குச் செலவை ஒரேயடியாக நிறுத்த வழி சொல்லுங்கள் என்கிறீர்கள்.

நிறுத்தாதீர்கள்.

கோபம் வருகிறதா? கொஞ்சம் கேளுங்கள். என் அப்பா சென்னிமலையில் தறி ஓட்டியவர். வாரக் கூலிதான். கூலி வாங்கிய அன்று அரிசிக்கு முன்பே சினிமாக் காசைத் தனியாக எடுத்து வைப்பார். அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே பின்னலைப் போட்டுக் கிளம்பிவிடுவாள். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்ப்போம். நாலு பேர் டிக்கெட், ஒரு பொட்டலம் கடலை, அத்தோடு கை காலி. இடைவேளையில் சோடா கேட்டால், இல்லை என்று விரித்த கையைக் காட்டுவார். எங்களுக்கும் புரிந்துவிடும். அந்தச் செலவுக்கு வரம்பு வைத்தது அப்பாவின் மன உறுதி ஒன்றுமில்லை, அவர் உள்ளங்கைதான். காசு தீர்ந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

உங்கள் வீட்டில் அது தெரியவில்லை. மாமியாரின் கேபிளுக்கு மாதம் 240 என்று எழுதியிருக்கிறீர்கள். நாளுக்கு எட்டு ரூபாய். கம்பெனி வாசலில் ஒரு டீ அந்த விலைக்குக் கிடைக்காது. வேலைக்கு நீங்கள் இருவரும் போனபின் நாள் முழுக்க அந்த வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை அதுதான். கண்ணில் படுவதால் அதன்மேல் கோபப்படுகிறீர்கள். பையனின் ஆப் கணக்கை எழுத வந்தபோது மட்டும் "சுமாராக" என்று போட்டிருக்கிறீர்கள். வெட்ட வேண்டியது அந்தச் சுமாரை.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் ஊரார் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான். பேரன் கார்ட்டூன் பார்க்க முதல் மாதம் ஒரு ரூபாய் என்று ஒரு ஆப்பில் சேர்ந்தேன். பேரன் அந்தக் கார்ட்டூனை ஒரே வாரத்தில் மறந்துவிட்டான். மாதம் 149 ரூபாய் மட்டும் மறக்காமல் போய்க்கொண்டிருந்தது. 17 மாதம். 2,533 ரூபாய். ஆப்பைத்தான் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டோமே என்று நினைத்தேன். ஆப்பை நீக்கினால் பணம் எடுப்பது நிற்காது, அம்மணி. ஆட்டோபே அனுமதியை நாமே போய் ரத்து செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும், வந்துமிருக்கிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வரும் செய்திகளோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன். 2022 ஜூனிலிருந்து இப்படி மாதாமாதம் போகும் தொகை 15,000 வரை இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கூடக் கேட்காது. 149 ரூபாய்க்கு யார் கேட்கப் போகிறார்கள்?

இனி டிவி. வட்டியில்லாத் தவணை என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கடன் கொடுப்பவர் யாரும் வட்டியை விடுவதில்லை. முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடியில் அது ஒளிந்திருக்கும், இல்லாவிட்டால் 'பிராசஸிங்' கட்டணத்தில் இருக்கும். பூஜ்ய வட்டித் திட்டங்களை 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி கண்டித்தது. பெயர் மாறிற்று, வியாபாரம் நடக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கடைசி விலை என்ன என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி.

ஆனால் உங்கள் வீட்டுக்கு உண்மையான ஆபத்து வட்டியில் இல்லை, தேதியில் இருக்கிறது. உங்களுக்கு வருவது வாரக் கணக்கு, தவணை போவது மாதக் கணக்கு. ஐந்தாம் தேதி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 2026 ஜூன் 5 வெள்ளிக்கிழமை. சம்பளம் மறுநாள். வெள்ளி காலையில் கணக்கில் 3,500 இல்லாவிட்டால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்று போடும். சிபில் மதிப்பெண்ணிலும் கீறல் விழலாம். பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்களிடம் நான் பார்த்த தவணைத் தொல்லையில் பாதி இதுதான். சம்பாத்தியம் போதாமல் வந்த தொல்லை இல்லை, ஒரு நாள் முன்னே பின்னே ஆனதால் வந்தது. 2021 ஆகஸ்டிலிருந்து ஞாயிறு, பண்டிகை நாள் என்று பார்க்காமல் எல்லா நாளும் எடுக்கிறார்கள் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் மாமியாரின் தீபாவளிச் சீட்டைப் பாருங்கள். சீட்டுக்காரர் சனிக்கிழமை சாயங்காலமே வாசலில் நிற்கிறார். சம்பளத்தின் தாளம் அவருக்குத் தெரியும். (அந்தச் சீட்டு பதிவு பெற்றதா என்று விசாரியுங்கள். 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. தெரிந்தவர், நல்லவர் என்பதெல்லாம் பதிவாகாது. நகைச்சீட்டு ஏன் 11 மாதத்தோடு நிற்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிடாவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும், அதற்குக் கெடுபிடி அதிகம். அதனால்தான்.)

டிவிக்கும் அதே தாளத்தைப் போடுங்கள். 3,500-ஐ நாலாக வகுத்தால் சனிக்கு 875. அதை உங்கள் கணவருடைய இன்னொரு வங்கிக் கணக்கில், ஏடிஎம் அட்டை இல்லாத கணக்காக இருந்தால் உத்தமம், சனிக்கிழமை ராத்திரியே போட்டுவிடுங்கள். 24 சனிக்கிழமையில் 21,000 சேரும். அதை முன்பணமாகக் கட்டினால் பாக்கி ஆறே தவணை. பொறுத்தால் விலை ஏறிவிடும் என்று அவர் சொல்வார். ஏறலாம், இறங்கவும் செய்யும். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவர்கள் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டிவியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை ஷிப்ட் மிஷின் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு படத்தைப் பெரிதாகப் பார்க்க ஆசைப்படுகிறார். குடிக்குப் போகாத ஆண்பிள்ளையின் ஆசை இது. இதை ஊதாரித்தனம் என்று நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், அவர் கண்ணில் படுமுன்.

அப்படியானால் வெளியே போய் ஒரு சினிமா, ஓட்டலில் ஒரு புரோட்டா எல்லாம் எந்தக் காசில்? அதற்கும் உங்கள் நோட்டிலேயே இடம் இருக்கிறது. மாதத்துக்கு நாலு சனி என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வருஷத்துக்கு 48 ஆகிறது. சனிக்கிழமைகளோ 52. மிச்சம் நாலு வாரச் சம்பளம் உங்கள் கணக்கில் எங்கேயும் இல்லை. எங்கே போயிற்று என்று உங்களுக்கும் தெரியாது. 2026-இல் ஜனவரி, மே, ஆகஸ்ட், அக்டோபர் மாதங்களில் ஐந்து சனி வருகிறது. அந்த வாரச் சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவதில் பாதியைக் கையிருப்பாக வையுங்கள், மறு பாதி நாலு பேருக்கும் பொழுதுபோக்கு. பணமாகவே எடுத்து மேஜைமேல் வையுங்கள். ஜிபே வேண்டாம். தீர்ந்தால் பையனுக்கும் தெரியட்டும்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே மூன்று கைப்பேசியையும் வாங்கி, பணம் அனுப்பும் ஆப்பில் ஆட்டோபே என்கிற பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் பெயரில் எத்தனை, அவர் பெயரில் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள். டிவி வந்துவிட்டால், மாமியாரின் கட்டிலிலிருந்து தெரிகிற சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.