முதுமையடைந்த வளர்ப்பு முயலின் உடல்நலம்

வீட்டிலோ பள்ளியிலோ வளர்க்கப்படும் முயல் ஐந்தாறு ஆண்டுகள் கழிந்தபின் மெலியத் தொடங்கினால், ‘அதற்கு வயதாகிவிட்டது’ என்று கூறி அமைவது பெரும்பாலோர் வழக்கம். இதனால் விளையும் தீங்கு மிகுதி. முதுமை ஒரு நோயன்று. மெலிவுக்கும் சோர்வுக்கும் பின்னால் பெரும்பாலும் பல்லிலோ, குடலிலோ, மூட்டிலோ, சிறுநீர்ப் பையிலோ ஏற்பட்ட ஒரு குறிப்பிட்ட கோளாறு மறைந்திருக்கும். காலத்தில் கண்டறியப்பட்டால் அவற்றுள் பலவற்றைத் தீர்க்கலாம். தீர்க்க இயலாதவற்றின் வேதனையைத் தணிக்கலாம்.

இக்கோளாறுகளைக் கண்டறிவது எளிதன்று. முயல் பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி. நலிவை வெளிக்காட்டும் முயல் காட்டில் முதலில் பிடிபடும். ஆதலால் நோயை மறைத்தல் அதன் இயல்பாக அமைந்துள்ளது. நாயைப்போல் அது வலியில் ஊளையிடுவதில்லை; கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, பற்களை நறநறவென்று கடித்தவாறு அமர்ந்திருக்கும். அறியாதார் இதனை உறக்கம் எனக் கருதிவிடுவர்.

முதுமை எப்போது தொடங்குகிறது

வளர்ப்பு முயல்கள் பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்கின்றன. சிறிய இனங்கள் நீண்ட காலமும், பருத்த இனங்கள் குறுகிய காலமும் வாழ்வதுண்டு. ஐந்து அல்லது ஆறு வயதிலிருந்து முயலை முதிர்ந்ததாகக் கொள்ளலாம்.

நம் நாட்டில் நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் இறைச்சிக்கும், அங்கோரா இனம் உரோமத்திற்கும் வளர்க்கப்படுகின்றன. இராஜஸ்தானத்தில் அவிகாநகரில் 1962-இல் நிறுவப்பட்ட மத்திய செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையமும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலும் இமாசலப் பிரதேசத்தில் கார்சாவிலும் உள்ள அதன் கிளைகளும் முயல் வளர்ப்பில் ஆராய்ச்சி நடத்தி வருகின்றன. ஆயினும் பண்ணை முயல்கள் இனப்பெருக்கத் திறன் குறைந்தவுடன் கழிக்கப்படுவதால், அவை முதுமையை எட்டுவது அரிது. பண்ணைப் பயிற்சி பெற்ற ஊழியர் பலர் எட்டு வயது முயலைக் கண்டிருக்கமாட்டார்கள். முதிய முயல் வாழுமிடம் வீடும் பள்ளியுமே.

பற்கள்

முயலுக்கு இருபத்தெட்டுப் பற்கள் உண்டு. மேல் தாடையின் இரு பெரிய வெட்டுப் பற்களுக்குப் பின்னால் மேலும் இரு சிறு பற்கள் மறைந்து நிற்கும். எலி, அணில் முதலிய கொறிக்கும் பிராணிகளுக்கு இவை இல்லை. முயலினம் 1912-இல் தனி வரிசையாகப் பிரிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இப்பற்கள் அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. வாரத்திற்கு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வெட்டுப் பற்கள் வளர்கின்றன. நார் மிகுந்த புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நெடுநேரம் அரைப்பதால் வளர்ச்சியும் தேய்மானமும் சமநிலையில் நிற்கின்றன. தானியமும் குருணைத் தீவனமும் மட்டுமே பெற்ற முயலுக்கு அத்தேய்மானம் கிட்டுவதில்லை. கடைவாய்ப் பற்களில் கூரிய முனைகள் தோன்றி, கீழ்ப் பற்கள் நாக்கையும் மேற்பற்கள் கன்னத்தையும் கிழிக்கின்றன. வேர்கள் உள்நோக்கி நீண்டு கண்ணீர்க் குழாயை அழுத்துவதும் உண்டு. பல ஆண்டுகளாகச் சேர்ந்த இக்குறை முதுமையிலேயே வெளிப்படுகிறது.

இதன் அடையாளம் தெளிவானது. முயல் பசியோடு உணவை நாடி வரும், வாயில் எடுக்கும், உடனே கீழே போட்டுவிடும். கடினமான புல்லை விலக்கி மென்மையான இலையை மட்டும் உண்ணும். மோவாய் ஈரமாக இருக்கும். ஒரு கண்ணில் நீர் வடியும். கண்ணுக்கு மருந்திட்டும் நீர் நில்லாவிடில் பல்லைச் சோதிக்க வேண்டும். வாயின் முன்புறத்தை மட்டும் பார்த்துப் பற்கள் நன்றாக உள்ளன என முடிவு செய்தல் பெரும் பிழை. கடைவாய்ப் பற்களை உரிய கருவியின் துணையால்தான் காண இயலும். நகவெட்டியால் பற்களை நறுக்குதல் கூடாது. பல் நெடுக்காகப் பிளந்து வேரில் சீழ் கட்ட அது வழியாகும்.

குடல்

முயலின் செரிமானம் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள சீக்கம் என்னும் பெரிய பையை நம்பியுள்ளது. அங்கு நுண்ணுயிர்கள் தாவரப் பொருளைப் புளிக்கச் செய்கின்றன. முயல் இருவகை எச்சங்களை இடுகிறது. ஒன்று, கடினமான உருண்டைப் புழுக்கை. மற்றொன்று, கோழை பூசிய மென்மையான கொத்து. இம்மென்கொத்தை முயல் ஆசனவாயிலிருந்து நேரே உண்டு, அதிலுள்ள புரதத்தையும் பி வைட்டமின்களையும் மீண்டும் பெறுகிறது. இது அருவருக்கத்தக்க பழக்கமன்று. அதன் உயிர் வாழ்க்கைக்கு இன்றியமையாதது.

முயலின் குடல் ஓயாது இயங்கவேண்டும். வலி, அச்சம், நார்க்குறை ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் இயக்கம் தளரும். முயல் உணவை நிறுத்தும். நிறுத்தியதால் இயக்கம் மேலும் தளரும். வயிற்றில் வாயு சேரும். கல்லீரலில் கொழுப்புப் படியும். முயலால் வாந்தி எடுக்க இயலாது. ஆதலின் பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமலும் புழுக்கை இடாமலும் இருக்கும் முயலை அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். ‘நாளைக் காலை பார்ப்போம்’ என்ற தாமதமே பல முயல்களின் இறப்புக்குக் காரணம். முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி சென்டிகிரேடு. உண்ணாத முயலின் வெப்பம் 38 டிகிரிக்குக் கீழ் இறங்கினால் நிலைமை கடுமையானது என அறியலாம்.

மூட்டும் பாதமும்

முதுகெலும்பிலும் பின்னங்கால்களிலும் மூட்டுத் தேய்வு ஏற்படின் முயல் தாவுவதைக் குறைக்கும். உடலை வளைத்துத் துப்புரவு செய்ய இயலாது. மென்கொத்து உண்ணப்படாமல் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் தோலை அரிக்கும். அவ்விடத்தில் ஈக்கள் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவந்து சதையைத் துளைக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் முதிய முயலின் பின்புறத்தை நாள்தோறும் இருமுறை பார்த்தல் வேண்டும்.

முயலின் உள்ளங்காலில் நாய்க்கு உள்ளதுபோன்ற மெத்தை இல்லை. அடர்ந்த உரோமமே காப்பு. கம்பிவலைத் தரையில் நெடுங்காலம் நின்றால் உரோமம் தேய்ந்து குதிகாலில் புண் உண்டாகும். பலகையின்மேல் உலர்ந்த புல்லைத் தடிப்பாகப் பரப்புதல் இதற்குத் தக்க பரிகாரம். முயலைத் தூக்கும்போது ஒரு கை மார்பையும் மறு கை பின்புறத்தையும் தாங்கவேண்டும். எலும்புகள் மெல்லியவை, கால்களை உதறும் வேகத்திலேயே முதுகெலும்பு முறிவதுண்டு. காதைப் பிடித்துத் தூக்குதல் அறவே கூடாது.

சிறுநீரும் கருப்பையும்

பெரும்பாலான பாலூட்டிகள் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் தேவைக்கேற்பவே ஏற்கின்றன. முயலோ மிகுதியாக ஏற்று, எஞ்சியதைச் சிறுநீரில் கழிக்கிறது. அதன் சிறுநீர் சற்றுக் கலங்கியிருத்தல் இயல்பு. பசைபோல் கெட்டியாக வெளிவருதலும், முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தலும் இயல்பல்ல. குதிரை மசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளரும் குட்டிகளுக்கு ஏற்ற அத்தீவனத்தை முதிய முயலுக்கு முதன்மை உணவாக்கலாகாது.

சில தாவரங்களை உண்டபின் சிறுநீர் செந்நிறமாவது உண்டு. அது தீங்கற்ற நிறப்பொருள். ஆனால் கருத்தடை செய்யப்படாத பெண் முயலிடம் செந்நிறம் கண்டால், அது இரத்தமா என்று சோதித்தறிய வேண்டும். நான்கு வயதைக் கடந்த பெண் முயல்களில் கருப்பைப் புற்றுநோய் மிகுதி. சில இனங்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் இது காணப்பட்டுள்ளது. நுரையீரலுக்குப் பரவுமுன் கருப்பையை அகற்றினால் முயல் பிழைக்கும். இளமையிலேயே அகற்றிவிட்டால் இந்நோய் வருவதில்லை.

மருந்தில் எச்சரிக்கை

நாய்க்கும் ஆட்டுக்கும் பழகிய மருந்துகளை முயலுக்கு அப்படியே அளித்தல் ஆபத்தானது. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகி முயல் இறக்க நேரும். லிங்கோமைசின், கிளிண்டமைசின் ஆகியனவும் அத்தகையவை. நாய் உண்ணிக்குப் பூசப்படும் பிப்ரோனில் முயலுக்கு நஞ்சாகும். அறுவைச் சிகிச்சைக்கு முன் முயலைப் பட்டினி போடுதலும் தவறு.

தலை ஒருபுறம் சாய்தலும், பின்னங்கால்கள் தள்ளாடுதலும் பக்கவாதம் எனத் தள்ளிவிடத்தக்கன அல்ல. உட்காதுச் சீழோ, என்செபாலிடோசூன் என்னும் நுண்ணுயிரோ காரணமாகலாம். இரண்டிற்கும் சிகிச்சை உண்டு. பின்னது சிறுநீர் வழியே பரவுமாதலின், கூண்டைத் துப்புரவு செய்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

வாராந்தரச் சோதனை

1. ஒரே தராசில், ஒரே நேரத்தில் முயலை எடையிட்டுக் குறித்தல். 3 கிலோ எடையுள்ள முயல் 300 கிராம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாவிடினும் அது கடுமையான இழப்பு.
2. புழுக்கைகளின் அளவையும் எண்ணிக்கையையும் நோக்குதல். சிறுத்தலும் குறைதலும் குடல் தளர்வின் முதல் அறிகுறி.
3. புல்லை உண்ணும் விதத்தைக் கவனித்தல்.
4. மோவாய், கண், காது, உள்ளங்கால், பின்புறம் ஆகியவற்றைப் பார்த்தல்.
5. நகங்களை அளவறிந்து வெட்டுதல்.

உணவும் இருப்பிடமும்

அறுகம்புல், கினியாப் புல் ஆகியவை பசுமையாகவோ உலர்ந்தோ நாள் முழுதும் கிடைக்க வேண்டும். தானியத்தை மிகக் குறைக்க வேண்டும். தண்ணீரை அகன்ற கிண்ணத்தில் வைத்தால் கழுத்து வலியுள்ள முயலும் எளிதில் அருந்தும். முயலுக்கு வியர்வை இல்லை எனலாம். காதுகளின் வழியே வெப்பத்தை வெளியிடுகிறது. வெப்பம் 30 டிகிரியைக் கடந்தால் அது துன்புறும். கோடையில் கூண்டின்மேல் ஈரச் சாக்கும், அருகில் நீர் நிறைந்த மட்பானையும் வைத்தல் நலம்.

ஆசிரியர்களுக்கு

எடைக் குறிப்பை மாணவர் வரைபடமாக வரையலாம். எவரும் நோயை உணருமுன் கோடு கீழிறங்குவதை அவர்கள் தாமே காண்பர். அளவிடுதல் எதற்கு என்னும் வினாவிற்கு இதனினும் நல்ல விடை அரிது. வேதனை தீராத நிலையில், துன்பமின்றி முடிவளிக்குமாறு மருத்துவர் கூறுவதும் உண்டு. அப்போது முயல் எங்கோ போய்விட்டது எனச் சொல்லாமல், நடந்ததை மாணவரிடம் உள்ளபடி கூறுதலே முறை. தம் வகுப்பின் முயலுக்குச் செய்யக்கூடியது செய்யப்பட்டது என்பதை அவர்கள் அறிய வேண்டும்.

முதுமையைத் தடுக்க எவராலும் இயலாது. முதுமையின் பெயரால் நோயைக் கவனியாது விடுதலைத் தடுக்க இயலும். அதற்கு வேண்டுவன ஒரு தராசும், ஒரு குறிப்பேடும், நாள்தோறும் சில நிமிட நேரக் கவனமுமே.