திருநாளில் முதியோர் தனிமை

மாசியில் மகா சிவராத்திரி வந்தால், சுவர்ணமுகி ஆற்றங்கரையிலுள்ள காளஹஸ்தி யாத்திரிகர்களால் நிரம்பி வழிகின்றது. நம் இல்லத் திண்ணையிலோ பாட்டியார் தனியே அமர்ந்திருக்கின்றார். கால்களில் வலுவில்லை, உடன் செல்வாரும் இல்லை. பௌத்தராகிய நாம் அத்திருநாளை விட்டோம், அவரையும் விட்டுவிடலாமோ?

சிகாலோவாத சூத்திரத்தில் பகவான் மக்களுக்கு வகுத்த ஐந்து கடமைகளில் முதலாவது, தம்மை வளர்த்த பெற்றோரைப் பேணுதல். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச் சட்டம் பராமரிப்புத் தொகை பெற்றுத் தரும். துணையைப் பெற்றுத் தராது.

ஆகவே, அன்று கொள்கை வாதம் வேண்டா. அருகிலமர்ந்து அவர் இளமையிற் கண்ட திருவிழாக் கதைகளைக் கேட்போம். விரும்பினால் கைப்பிடித்துத் தேர் காட்டுவோம். அது நம் சீலத்திற்கு இழுக்கன்று. வைசாகப் பௌர்ணமியன்று நம் இல்லத்தின் முதல் விளக்கை அவரே ஏற்றட்டும்.