மயக்க மருந்தும் இரத்த அழுத்தமும்

ஆபரேஷன் என்றவுடன் நம் வியாபாரச் சகோதரர்கள் கத்தியை நினைத்தே அஞ்சுகின்றனர். ஆனால், கத்தி படுவதற்கு முந்திய சில நிமிஷங்களைப் பற்றி நாம் சிந்திப்பதில்லை. நோயாளி உறங்கியதும் இரத்த அழுத்தம் இறங்குவது சாதாரணமாக நடப்பதே. மயக்க மருந்து வைத்தியர் அதை உடனே சரிசெய்து விடுவார். வெகுவாகத் தாழ்ந்து நீடித்தால்தான் இருதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கு இரத்தம் போதாமல் கெடுதி நேரும்.

ஏன் இறங்குகிறது? இன்று பெரும்பாலும் ஊசி மூலம் ஏற்றப்படுவது, பாலைப்போல் வெளுத்த புரோபோஃபால் என்னும் மருந்து. பிரிட்டனில் 1986இல் வழக்கத்துக்கு வந்தது. இது இரத்தக் குழாய்களைத் தளர்த்தி விரியச் செய்கிறது. இருதயம் சுருங்கும் பலத்தையும் சற்றுக் குறைக்கிறது. நம் தொழிலைக் கொண்டே சொல்வோம். போட்ட முதல் அதே. கடை மட்டும் ஒரே நாளில் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது. முதலெல்லாம் அலமாரிகளில் முடங்கும். கல்லாவுக்குத் திரும்புவது குறையும். அவ்வாறே விரிந்த குழாய்களில் இரத்தம் தேங்கி, இருதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. இயந்திரம் மூச்சை ஊதிச் செலுத்துகையில் மார்புக்குள் அழுத்தம் கூடி, அதுவும் தடையாகிறது. மருந்து ஒவ்வாமை, இரத்தப் போக்கு, கடும் விஷக்காய்ச்சல் ஆகியவையும் காரணமாகலாம். வயோதிகருக்கு எல்லாமே சற்று அதிகம்.

இவை வைத்தியர் அறிந்தவை. நாம் சொன்னாலன்றி அவர் அறிய முடியாதவையும் உள்ளன.

முதல் நாள் இஷாவுக்குப் பின் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் போவோர் நம்மில் பலர். உடலில் நீர் வற்றினால் அழுத்தம் மேலும் இறங்கும். பொது விதிப்படி ஆகாரத்துக்கு 6 மணி நேரம், தெளிந்த தண்ணீருக்கு 2 மணி நேரம் போதும். வேறு கட்டளை இட்டிருந்தால் அதுவே சரி. பால் கலந்த தே தாரேக் தெளிந்த பானமன்று. ஆகாரக் கணக்கிலேயே சேரும்!

பிரஷர் மாத்திரைகளிலும் பேதமுண்டு. பெரிண்டோபிரில், லோசார்டான் போன்றவற்றை அன்று காலையில் நிறுத்தச் சொல்வதுண்டு. பைசோப்ரோலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. சுயமாக முடிவு செய்தல் கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது மறைத்து உண்ணும் மருந்து. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் காலை முதல் இரவு வரை கடையில் நிற்கும் நம்மவருக்கு முழங்கால் வலி வராமலிருக்குமா? யாரோ தந்த ஜாமு மாத்திரை இரண்டே நாளில் குணம் தருகிறது. பதிவில்லாத இத்தகைய மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதை இந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். மாதக்கணக்கில் உண்டால், நெருக்கடியில் அழுத்தத்தைத் தாங்க உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு குன்றிவிடும். மயக்கத்தில் அழுத்தம் விழுந்தால், வழக்கமான ஊசிகளுக்கு எளிதில் ஏறாது. 'ஆண்மைக் காபி'ப் பொட்டலங்கள் சிலவற்றிலும் இரத்தக் குழாயை விரிக்கும் சில்டெனாஃபில் அகப்பட்டிருக்கிறது. இதை வெட்கத்தால் மனைவி மக்கள் முன் சொல்லார்.

கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரியானாலும், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியானாலும், ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து வைத்தியர் விசாரிப்பார். மகனைச் சற்று வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேசலாம். பெயர் தெரியாவிட்டால் டப்பாவையும் பொட்டலத்தையும் அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் போதும்.