ஆட்டமேசையில் அரக்கர்கள்

சதுரங்கப் பலகையின் இருபுறமும் அமர்கின்ற இருவரும் படைத்தலைவர்கள். காலாள், குதிரை, யானை, தேர் என்னும் நாற்படையால்தான் அவ்வாட்டத்திற்கு அப்பெயர் வந்தது. இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பாரசீகத்தையும் அரபு நாடுகளையும் கடந்து ஐரோப்பாவை அடைந்தது. அங்கு அதன் காய்கள் வேறு உருவம் கொண்டன. ஆட்டமும் வேறு ஆட்டங்களைப் பெற்றெடுத்தது.

1780ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பகுதியான பிரவுன்ஷ்வைக்கில் யோகான் ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர், உயர்குடி இளைஞர்களுக்குப் போர்க்கலையின் அடிப்படைகளைக் கற்பிக்க விரும்பினார். இதற்காகச் சதுரங்கத்தின் அறுபத்து நான்கு கட்டங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்டனவாக விரித்து, மலைக்கும் சதுப்பு நிலத்திற்கும் நீருக்கும் தனித்தனி நிறம் தீட்டினார். பின்னர்ப் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவரும் அவருடைய மகனும் கட்டங்களையே நீக்கிவிட்டு, உண்மையான நிலப்படங்களின்மீது படைகளை நகர்த்தும் முறையை வகுத்தனர். மகன் எழுதிய விதிநூல் 1824இல் வெளிவந்தது. பீரங்கிக் குண்டு எத்தனை பேரை வீழ்த்தியது என்பதைப் பகடை கூறும். எதிரிப்படை கண்ணுக்குப் புலப்படுமா, படாதா என்பதை நடுவர் கூறுவார். பிற்கால ஆட்டங்கள் யாவும் இந்த நடுவருக்குக் கடன்பட்டவை. போர்க்களத்தில் என்ன நிகழ்கிறது என்பதை முழுமையாக அறிந்தவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் அவர் வாய்ச்சொல்லைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். கதை கேட்பவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913இல் பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு வீட்டுத்தரையில் ஆடும் போர் ஆட்டத்திற்கு ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவில் இத்தகைய ஆட்டங்களில் ஈடுபாடு கொண்ட சிறு குழுக்கள் பல தோன்றின. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெனிவா ஏரி நகரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்பவருடன் சேர்ந்து 1971இல் இடைக்காலப் போர்களுக்கான விதிநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் இறுதியில், ஒரு பின்னிணைப்பைப் போல, மந்திரவாதிகளுக்கும் பறவைநாகங்களுக்கும் விதிகள் இடம்பெற்றிருந்தன. நூலின் பெரும்பகுதியைவிட அந்தப் பின்னிணைப்பையே பலர் விரும்பினர். அதே காலத்தில் மின்னசோட்டாவில் டேவ் ஆர்னெசன் வேறொரு மாற்றத்தைச் செய்துகொண்டிருந்தார். அவருடைய ஆட்டத்தில் ஒருவர் படையை ஆள்வதில்லை. ஒரே ஒரு மனிதனாக மாறி, கோட்டைக்கு அடியிலுள்ள இருண்ட நிலவறைகளுக்குள் இறங்குவார். அந்த மனிதன் இன்று உயிர் பிழைத்தால் அடுத்த வாரமும் அவனே தொடர்வான். அனுபவத்தால் வலிமையும் பெறுவான்.

இவ்விரண்டும் இணைந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டமாயின. முதல் பதிப்பில் ஆயிரம் பெட்டிகளே அச்சாயின. ஒரு மேசை, நான்கைந்து நண்பர்கள், தாள், எழுதுகோல், பலமுகப் பகடைகள் ஆகியவை போதும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கங்கள்; இவ்வாட்டத்தின் பகடைகளிலோ நான்கு முகம் உடையதும் உண்டு, இருபது முகம் உடையதும் உண்டு. நடுவர் காட்சியை விவரிப்பார். மற்றவர்கள் தத்தம் பாத்திரம் என்ன செய்யும் என்று கூறுவர். செயல் பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். இதில் வெற்றி தோல்வி என்னும் முடிவு இல்லை. கதை தொடர்வதே ஆட்டம்.

கதைக்குப் பகைவர் வேண்டும். வாரந்தோறும் புதிய பகைவர் வேண்டும். இத்தேவைதான் இவ்வாட்டத்தை உலகத் தொன்மங்களின் பெரும் சந்தையாக்கியது. 1977இல் வெளிவந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் நூலில் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விந்தை உயிர்கள் அகரவரிசையில் நிற்கின்றன. கிரேக்கத்தின் மெடூசாவும் காளைத்தலை மினோட்டாரும் அங்கே உண்டு. பாபிலோனியப் படைப்புக் கதையில் ஆதிக்கடலாக விளங்கிய தியாமத் என்னும் பெண்தெய்வம் அங்கே ஐந்து தலைப் பறவைநாகமாக மாறியிருக்கிறாள். எல்லாமே தொன்மையானவை என்று கருதிவிட வேண்டா. வெட்டினாலும் வளர்ந்துகொண்டே இருக்கும் பூதம், போல் ஆண்டர்சனின் இருபதாம் நூற்றாண்டுப் புதினம் ஒன்றிலிருந்து வந்தது. ஆந்தைத்தலைக் கரடியும், இரும்பைத் தின்னும் துருவிலங்கும் எங்கிருந்து வந்தன? மலிவுக் கடையில் கைகாக்ஸ் வாங்கிய, பெயரே இல்லாத சில பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து! பழைய தெய்வமும் பிளாஸ்டிக் பொம்மையும் அடுத்தடுத்த பக்கங்களில் ஒரே மதிப்புடன் வீற்றிருப்பதே அந்நூலின் இயல்பு.

மந்திரங்களுக்கும் இத்தகைய பிறப்பிடம் உண்டு. இவ்வாட்டத்தின் தொடக்கப் பதிப்புகளில் மந்திரவாதி ஒரு மந்திரத்தை மனனம் செய்ய வேண்டியிருந்தது. ஒருமுறை உச்சரித்ததும் அது அவன் நினைவிலிருந்து மறைந்துவிடும். ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்த கருத்து இது. உரிய வேளையில் மந்திரம் மறந்துபோகும் கர்ணனின் கதையை அறிந்த இந்திய வாசகருக்கு இது அந்நியமாகத் தோன்றாது. எனினும் இரண்டுக்கும் தொடர்பில்லை.

இந்தச் சந்தைக்கு இந்திய அரக்கரும் வந்து சேர்ந்தார். அவர் வந்த வழி வியப்புக்குரியது. 1974ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'கோல்சாக்' என்னும் திகில் தொடரின் ஒரு பகுதி ஒளிபரப்பானது. சிகாகோ நகரில் முதியவர்கள் ஒவ்வொருவராக இறக்கின்றனர். கொல்வது ஒரு ராட்சசன். பார்ப்பவர் மிகவும் நம்பும் மனிதரின் உருவில் அவன் தோன்றுகிறான். மந்திரித்த அம்பைக் குறுக்குவில்லில் பூட்டி எய்தால்தான் அவன் மடிவான். அதே கதையில் ஓர் இந்திய முதியவர் காப்புக்காகச் சுவர்களில் சுவஸ்திகம் வரைகிறார். யூதர்கள் வாழும் அப்பகுதியினர் அதை நாஜிகளின் சின்னமாகக் கண்டு அஞ்சுகின்றனர். ஒரு குறியே இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை அத்தொடர் அறிந்திருந்தது. ஆனால், ராட்சசன் என்னும் சொல்லைக் கையாளும்போது அந்த எச்சரிக்கை அதற்கு இருக்கவில்லை.

ஓராண்டுக்குப்பின், 1975 டிசம்பரில், ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனத்தின் இதழில் ராட்சசன் புதிய உயிராக அறிமுகமானான். நம்பியவரின் உருவெடுக்கும் ஆற்றல், மந்திரித்த அம்பினால் வரும் சாவு ஆகிய இரண்டும் அப்படியே இருந்தன. 1977ஆம் ஆண்டு நூலுக்கு ஓவியர் டேவிட் டிராம்பியர் அவனை வரைந்தார்: புலித்தலை, மேல்நாட்டுக் கனவானின் மாலைநேர அங்கி, கையில் புகைக்குழாய். அவ்வோவியம் பெரும்புகழ் பெற்றது. அன்றுமுதல் ஆட்டக்காரர்களின் உலகில் ராட்சசன் என்றாலே புலிமுகம்தான். புலிமுகம் முற்றிலும் புதியது என்று கூற இயலாது. வான்மீகியின் சுந்தர காண்டத்தில் சீதையைச் சூழ்ந்த அரக்கியரில் விலங்குமுகம் கொண்டோர் வருகின்றனர். புலிமுகமும் அவற்றுள் ஒன்று. ஆனால், அங்கே அது நூறு வடிவங்களில் ஒரு வடிவம். இங்கே அதுவே இனத்தின் அடையாளம்.

ஓவியத்திற்குக் கீழே எண்கள் இருந்தன. எட்டுமுகப் பகடைகள் ஏழினை உருட்டி வரும் கூட்டுத்தொகை அவன் உயிர்நிலை. சாதாரண ஆயுதம் அவனைத் தீண்டாது. இவற்றோடு 'ஒழுக்கச் சார்பு' என்று ஒரு வரி: ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட தீயவன். ஆட்டத்தின் ஒவ்வோர் உயிருக்கும் இவ்வரி உண்டு. ஒருவர் செய்த செயலை வைத்து இது எழுதப்படுவதில்லை. இனத்தின் பெயரை வைத்தே எழுதப்படுகிறது. நாகங்களுக்கு நேர்ந்தது இதைவிட விந்தையானது. இந்தியாவெங்கும் ஒரே நாகம் அஞ்சவும்படுகிறது, வணங்கவும்படுகிறது. அச்சமும் வணக்கமும் ஒரே கட்டத்தில் அடங்காமையால் நூல் நாகத்தை மூன்றாகப் பிரித்தது: காவல் நாகம் நல்லது, ஆவி நாகம் தீயது, நீர் நாகம் நடுநிலையானது.

இந்திய மரபில் அரக்கர் இப்படி ஒரு வரியில் அடங்கியவர் அல்லர். உத்தர காண்டத்தில் ஒரு கதை உண்டு. பிரமன் நீரைப் படைத்து, அதைக் காக்க உயிர்களையும் படைத்தான். 'காப்போம்' என்றவர்கள் ராட்சசர் ஆயினர் என்பது அக்கதை. 'ரட்ச' என்னும் வேர்ச்சொல்லுக்குக் காத்தல் என்பது பொருள். அந்தக் குலத்தில்தான் அண்ணனின் அறமின்மையைக் கண்டித்து வெளியேறும் வீடணனும், தவறு என்று அறிந்தும் அண்ணனுக்காகப் போர்க்களம் செல்லும் கும்பகருணனும், சிறைப்பட்ட சீதைக்கு ஆறுதல் கூறும் திரிசடையும் பிறந்தனர். கம்பரின் கும்பகருணனைப் படித்த எவரும் அவனுக்கு எந்த ஒழுக்கச் சார்பை எழுதுவது என்று தடுமாறுவர். மகாபாரதத்தில் பீமனை மணந்த இடிம்பி அரக்கர் குலத்தவள். அவள் மகன் கடோற்கசன் பாண்டவர்களுக்காக உயிர் துறந்தான். இமாசலப் பிரதேசத்தின் மணாலியில், தேவதாரு மரங்களுக்கு நடுவே, 1553இல் கட்டப்பட்ட இடிம்பி கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. கேரளத்தில் ஓணம் வரவேற்பது மாவலியை. அவன் அசுர வேந்தன்.

இங்கே ஒரு வேற்றுமையையும் கருத வேண்டும். ஆட்டத்தின் தொடக்கப் பதிப்பில் ஹாபிட் என்னும் குள்ள மக்களும், என்ட் என்னும் நடக்கும் மரங்களும், பால்ரோக் என்னும் தீப்பூதமும் இருந்தன. இவை டோல்கீனின் படைப்புகள். அவருடைய நூல்களின் உரிமை பெற்றோர் தரப்பிலிருந்து 1977இல் எதிர்ப்பு எழவே, அப்பெயர்கள் நீக்கப்பட்டு வேறு பெயர்கள் இடப்பட்டன. ஒருவர் தனியாகக் கற்பனை செய்ததற்கு உரிமையாளர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளாகப் பலகோடி மக்கள் சொல்லிவந்த ராட்சசனுக்கும் நாகத்துக்கும் அத்தகைய உரிமையாளர் எவருமில்லை. எனவே அவர்கள் சார்பில் எதிர்ப்புக் கடிதமும் செல்லவில்லை. தொன்மம் எல்லார்க்கும் பொது என்பது உண்மையே. யவனரின் கதையை இந்தியரும், இந்தியரின் கதையைச் சாவகத் தீவினரும் தம் விருப்பப்படி மாற்றிக்கொண்டே வந்துள்ளனர். அவ்வாறு மாற்றியவர்கள் கதையை எடுத்துச் சென்றனர். இவ்வாட்டமோ பெரும்பாலும் பெயரையும் தோற்றத்தையும் மட்டுமே எடுத்துச் சென்றது.

விதிநூலில் அச்சான வரி மேசையைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரஷ்ய நடுவரின் வழித்தோன்றலான ஆட்டநடுவர் விரும்பினால், அரக்கர் அரண்மனையில் ஒரு வீடணனைப் படைக்கலாம். ஆட்டக்காரர்கள் அம்பெய்யாமல் அவனோடு உரையாடலாம். அச்சிட்ட நூலில் இல்லாத அறம் அவ்வேளையில் பிறக்கும். உலகெங்கும் எத்தனையோ மேசைகளில் இப்படி நிகழ்ந்ததனால்தான், பின்னர் விதிநூல்களையே மாற்றும் கோரிக்கையும் வலுத்தது. ஓர் இனம் முழுவதையும் பிறவியிலேயே தீயது என்று எழுதுவது தகுமா என்னும் வினா பல்லாண்டுகளாக எழுப்பப்பட்டது. 2020ஆம் ஆண்டில் ஆட்டத்தின் வெளியீட்டாளர்கள், ஓர்க் முதலிய இனங்களைச் சித்திரிக்கும் முறையை மாற்றுவதாக அறிவித்தனர்.

2022இல் வெளியான ஒரு தொகுப்பில், பல்வேறு பண்பாடுகளின் வழிவந்த எழுத்தாளர்கள் தத்தம் மரபிலிருந்து கதைக்களங்களை அமைத்தனர். அதில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதிய பகுதி, வங்காளத்தின் ஆறுகளையும் சதுப்புக் காடுகளையும் நினைவூட்டும் சங்கபூமி என்னும் நாட்டில் நிகழ்கிறது. அந்த மேசைக்கு இந்தியப் பெயர்கள் இம்முறை தம் நிலத்தோடும் நீரோடும் வந்தன.

பயிற்சி

1. பிரஷ்யப் போர் ஆட்டத்தின் நடுவருக்கும் இன்றைய ஆட்டநடுவருக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து ஆட்டத்தின் ராட்சசன் பெற்ற இரு இயல்புகளை எழுதுக.
3. நாகத்தை மூன்றாகப் பிரிக்க நேர்ந்தது ஏன்?
4. கும்பகருணனுக்கு 'ஒழுக்கச் சார்பு' எழுதுமாறு உங்களிடம் கூறினால் என்ன எழுதுவீர்கள்? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.
5. நீங்கள் வாழும் மாநிலத்தில் வழங்கும் அரக்கர் அல்லது பூதம் பற்றிய கதை ஒன்றை வீட்டிலோ அண்டை அயலிலோ கேட்டறிந்து தமிழில் எழுதுக. அக்கதையில் அவ்வுயிர் நல்லதா, தீயதா? கேட்ட அனைவரும் ஒரே விடை கூறினரா?
6. பிரித்து எழுதுக: நாற்படை, நிலவறை, அவ்வோவியம், எதிர்ப்புக்கடிதம்.