பரம்பரையலகுச் சிகிச்சையும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும்

பரம்பரையலகுச் சிகிச்சைக்கு உதாரணம் கேட்டால் சிலர் எச்.பி.வி. தடுப்பூசியை எழுதிப் புள்ளியை இழக்கின்றனர். இரண்டும் வேறு.

1. நோய் உண்டாகும் விதம்
கலப்பிரிவு கட்டுமீறாமல் காப்பது பி53 எனும் புரதம். வங்காலைக் கரையில் வள்ளத்தைப் பிடித்து நிறுத்தும் நங்கூரத்தை நினையுங்கள். சிலவகை எச்.பி.வி. வைரசுகள் கருப்பைக் கழுத்தில் நிலைத்துவிட்டால், அவற்றின் ஈ6 புரதம் பி53ஐ அழியச் செய்யும். நங்கூரம் இழந்த கலங்கள் பெருகி, பல ஆண்டுகளின் பின் புற்றுநோயாகலாம்.

2. பரம்பரையலகுச் சிகிச்சை
பழுதடைந்த பரம்பரையலகின் வேலையைச் செய்யச் சீரானதொன்றைக் கலத்தினுள் செலுத்துதல். தீங்கற்றதாக்கிய வைரசு காவியாகும். சூலகப் புற்றுநோய்க்கு பி53 பரம்பரையலகைச் செலுத்திப் பரிசோதித்தனர். எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. எல்லாப் புற்றுக் கலங்களையும் சென்றடைவது கடினம்.

3. தடுப்பூசி
எச்.பி.வி.யின் எல்1 பரம்பரையலகை மதுவக் கலத்தில் புகுத்தி, வைரசின் உறைப் புரதத்தைப் பெறுவர். அதை ஊசியாக ஏற்ற, உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கும். இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இது வழங்கப்படுகிறது.

மாதிரி வினா: இத்தடுப்பூசி பரம்பரையலகுச் சிகிச்சையா?
விடை: அன்று. பரம்பரையலகு மாற்றப்படுவது மதுவத்திலேயே. எமது கலங்களில் அல்ல. ஆகவே இது பிறப்புரிமைப் பொறியியலின் பயனாகும்.

கவனிக்க: தடுப்பூசி வந்த நோயைக் குணப்படுத்தாது. தங்கைக்கு ஊசி போட வீட்டில் தயங்கினால் இவ்விடையைச் சொல்லிக் காட்டுங்கள். 35 வயதைக் கடந்த அம்மாவுக்குச் சுகவனிதையர் கிளினிக்கில் 'பப்' பரிசோதனை உண்டென்பதையும் நினைவூட்டுங்கள்.